நடுவில் நிற்கிறவள்

மட்டக்களப்பு
07.01.2024

அன்பு மச்சாள் அஜந்தாவுக்கு,

புதுவருசம் உனக்கும் மடத்துச் சகோதரிமாருக்கும் சுகமாப் பிறந்திருக்கும் எண்டு நம்புறன். திருவருகைக் காலத்தில உங்களுக்குக் கடிதம் தரமாட்டாங்க எண்டுதான் டிசம்பர்ல எழுதாம இருந்தன். உன்ட மூச்சிழுப்பு எப்பிடி? மலைநாட்டுக் குளிருக்கு அம்மா பின்னி அனுப்பின மப்ளர் காணுமா, இன்னொண்டு வேணுமா? அம்மாட ரத்தத்தில சீனி கொஞ்சம் இறங்கியிரிக்கு. மழைக்கு என்ட முழங்கால்தான் நோகுது.

இஞ்ச பெரிய வெள்ளம். வாவி ஏறி, அங்கால் கரை படுவான்கரை றோட்டெல்லாம் தண்ணிக்குள்ள. டிசம்பர்ல ஆற்றுவாய் மண்மேட்டை வெட்டி, தண்ணியைக் கடலுக்கு விட்ட பிறகுதான் வத்தினது.

நான் எழுதுற சங்கதி வேற. எங்கட பள்ளிக்கூடப் பொம்புளப் புள்ளையள்ட கூடைப்பந்து அணியில இந்த வருசம் பொயின்ற் காட் எண்டு ஒருத்திய வைக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன். ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, நீ அங்க போ, நீ இஞ்ச வா எண்டு மற்ற நாலு பேரையும் ஆட்டிவைக்கிற விளையாட்டு பழசாப் போச்சு. இப்ப ஐஞ்சு பேரும் உசரமா இரிக்கோணும், ஐஞ்சு பேரும் பந்து கொண்டு வரோணும், ஐஞ்சு பேரும் எறியோணும். நஸ்ஹாவுக்கு ஐஞ்சடி ஒன்பது. அவளே பந்தைக் கொண்டு வாறாள்.

போன வருசம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில உங்கட மடத்துக்கு வந்த நேரம் உன்னோட கம்பிக்கு அங்கால நிண்டு கதைச்ச விதுர்ஷா இப்ப வாறதில்லை. அவள் குள்ளம்தானே.

நீ எங்கட காலத்துப் பொயின்ற் காட். அதால உன்னிட்டக் கேக்கன். அப்பிடி ஒரு ஆள் அணிக்குத் தேவையா? வேணாமெண்டு நீ ஒரு வரி எழுதினாக் காணும்.

உன்ட செபத்தில எங்களையும் நினை.
அன்புடன்,
சுலோஜனா


தியான மடம், மலைநாடு
20.01.2024

யேசுவில் அன்புள்ள சுலோ,

உன்ட கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இழுப்பு இரிக்கு, ஆனா படியேறலாம். மப்ளரத் தலைமைத் தாயார் போட்டுக்கொண்டு திரியிறா, மாமியிட்டச் சொல்லாத. முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு, ஓடுறத விடு.

வேணாமெண்டு எழுதச் சொல்றா நீ. எழுத மாட்டன். என்னகா, பயிற்சியாளர் நீ, என்னிட்ட என்னத்துக்கு அனுமதி கேக்கா?

பொயின்ற் காட் எண்டவள் பந்தை வச்சிருக்கிறவள் இல்ல, மச்சாள். மற்ற நாலு பேரும் எங்க நிக்கிறாளுகள் எண்டு கிறுகித் திரும்பிப் பாராமலே தெரிஞ்சவள். ஐஞ்சு பேர் உசரமா இரிந்தாலும் ஐஞ்சு பேரும் ஒரே நேரம் கையத் தூக்கினா பந்து யாருக்கு? அத முடிவெடுத்து, பிழைச்சாப் பேச்சும் வாங்கிக்கொள்ள ஒருத்தி வேணும். எங்கட இறுதி ஆட்டத்தில நான் உனக்குத் தராம றம்லாவுக்குக் குடுத்த பந்துக்கு நீ இருவது வருசமா என்னை ஏசிக்கொண்டுதானே இரிக்கா?

விதுர்ஷா ஏன் வாறதில்லை? கம்பிக்கு அங்கால நிண்டு, "சிஸ்டர், ரெண்டு பேர் மறிச்சா எந்தக் கையால பாஸ் குடுக்கிற?" எண்டு கேட்டவள். நான் மறக்கல்ல. இதுக்குள்ள அவளுக்கு ஒரு துண்டுக் கடிதம் வச்சிரிக்கன். மறக்காமக் குடு.

மாமிக்கு என்ட முத்தம்.
அஜந்தா
(மடத்தில மரிய அஞ்சலா)


மட்டக்களப்பு
03.02.2024

அன்பு மச்சாளுக்கு,

நாங்க சுகம். அம்மா உன்ட முத்தத்துக்குப் பதிலா எள்ளுருண்டை அனுப்பச் சொன்னா; உங்கட மடத்தில விடுவாங்களோ தெரியா. உனக்கு இழுப்புக் குறைஞ்சதா?

துண்டைக் குடுத்திட்டன்.

அணி நல்லாப் போகுது. சினேகபூர்வ ஆட்டம் ரெண்டும் வெண்டிட்டம். பொயின்ற் காட் இல்லாமத்தான். ஒண்டு மட்டும் சரிவருதில்ல. புள்ளையள் பந்தை எடுத்த உடன நடுவில, ஆள் இல்லாத இடத்துக்கு எறியிறாளுகள். பேசிப் பாத்திட்டன். "பழக்கம் மிஸ்" எண்டு நஸ்ஹா சொல்றாள். பழக்கம்தான். போகப் போக மாறும்.

நீ சொல்றதும் சரிதான், ஆனா காலம் மாறிட்டு. இனி இதைப் பற்றி எழுத மாட்டன்.

உடம்பைப் பார்.
சுலோ


தியான மடம்
12.02.2024

சுலோ,

நாளையண்டைக்குத் தவக்காலம் துவங்குது. உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் நான் எழுதவும் மாட்டன், வாற கடிதங்களை வாசிக்கவும் தரமாட்டாங்க. அதால அவசரமா இது. நான் சுகம். எள்ளுருண்டைய அனுப்பு, உயிர்ப்புக்குச் சாப்பிடுவம்.

நீ துண்டைக் குடுத்ததுக்கு நன்றி. விதுர்ஷாட பதில் வெள்ளிக்கிழமை வந்தது. கவர் நனைஞ்சு ஊறிப்போய்க் கிடந்ததாம், தலைமைத் தாயார் குசினி அடுப்புக்குக் கிட்ட வச்சுக் காயவச்சுத்தான் வாசிச்சவ. எங்கட கடிதமெல்லாம் அவ வாசிச்சிட்டுத்தானே தாறவ. மூண்டு வரிதான்:

"சிஸ்டர், உங்கட துண்டு கிடைச்சது. மிஸ்ஸுக்கு இனிப் பொயின்ற் காட் வேணாமாம். அப்ப நான் எங்க நிக்கிற?"

ஒரு புள்ள இப்பிடிக் கேக்க விடலாமா? நான் பள்ளிக்கூட விலாசத்துக்கே அவளுக்குப் பதில் போட்டிரிக்கன். "நடுவில நில்லு மகள். மிஸ் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் அவட கண்ணுக்குத் தெரியிற இடத்தில நில்லு. ஒருநாள் கூப்பிடுவா" எண்டு எழுதினன். கோவியாத.

நோன்பு உனக்கு நல்லா அமையட்டும்.
அஜந்தா


மட்டக்களப்பு
24.02.2024

மச்சாள்,

இத நீ உயிர்ப்புக்குப் பிறகுதான் வாசிப்பா எண்டு தெரியும். எண்டாலும் எழுதுறன். சுகமா இரிக்கியா?

அந்தக் கடிதத்தை யார் எழுதினது? எழுத்து எப்பிடி இரிக்கு, சரிவா, நேரா? முத்திரையில எந்தத் தபால் கந்தோர்? ஆரோ புள்ளையள் பகிடி விட்டிரிக்காளுகள். நான் ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுக் கேட்டன். எல்லாரும் பேயறைஞ்ச மாதிரிப் பாக்காளுகள்.

நீ அவளுக்கு அனுப்பின பதில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அது என்ட அலுமாரிக்குள்ள கிடக்கு, முதல் துண்டும் அதுக்குள்ளதான் கிடக்கு. நான் குடுக்கல்ல. பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்.

இனி அவளுக்கு எழுதாத மச்சாள். கெஞ்சிக் கேக்கன்.

சுலோ


மட்டக்களப்பு
17.03.2024

அன்பு மச்சாள்,

அம்மாக்குக் காய்ச்சல் வந்து மாறிட்டு. நான் சரியா நித்திர கொள்றதில்லை, மற்றப்படி சுகம்.

நேற்று மாவட்டப் போட்டி. ரெண்டாவது கால் பகுதியில நாங்க பத்துப் புள்ளி முன்னுக்கு நிக்கம். பந்து எங்கட கையில. றெபறி திடீரெண்டு விசில் ஊதி ஆட்டத்தை நிப்பாட்டினார். என்னிட்ட வந்து, "மிஸ், உங்கட பக்கம் ஆறு பேர் நிக்காங்க. ஒராள வெளிய எடுங்க" எண்டார். நான் எண்ணினன். ஐஞ்சு. அவரும் விரல் நீட்டி நீட்டி எண்ணினார். ஐஞ்சு. "வெயில்" எண்டு சொல்லிச் சிரிச்சிட்டுப் போனார்.

மூண்டாவது கால் பகுதியில திரும்ப விசில். இந்தமுறை அவர் சிரிக்கல்ல. "சின்னப் புள்ள ஒண்டு நடுவில நிண்டது. எங்க இப்ப?" எண்டார். புள்ளி எழுதுற மேசையில இருந்த ரெண்டு பேரும் தாங்களும் கண்டதாச் சொன்னாங்க.

வெண்டிட்டம். ஒருத்தியும் துள்ளல்ல. பஸ்ஸில நஸ்ஹா எனக்குப் பக்கத்தில வந்து இருந்தாள். "மிஸ், நாங்க பாக்காம எறியிற பந்து ஏன் தரையில விழுகுதில்ல? ஆரோ தட்டி விடுறாங்க மிஸ். எனக்கு வாற நேரம் பந்து ஈரமா இரிக்கு" எண்டாள்.

இதுக்கு நான் என்ன சொல்றகா?

சுலோ


தியான மடம்
02.04.2024

யேசு உயிர்த்தெழுந்தார், சுலோ.

உனக்கும் மாமிக்கும் உயிர்ப்பின் ஆசி. எள்ளுருண்டை வந்தது, பல்லு இல்லாத சகோதரிமாரும் சாப்பிட்டவங்க. என்ட உடம்புக்கு ஒண்டுமில்ல.

உன்ட ரெண்டு கடிதமும் நேற்றுத்தான் கையில கிடைச்சது. அதோட விதுர்ஷாட கடிதம் இன்னும் ரெண்டு. ரெண்டும் நனைஞ்சு காய்ஞ்ச கடிதம். நீ கேட்ட மாதிரிப் பாத்தன். எழுத்து இடப்பக்கம் சரிஞ்ச எழுத்து. முத்திரை இருந்த இடத்தில ஊத்தை மட்டும்தான் இரிக்கு.

முதலாவது: "சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரி நடுவில நிக்கன். மிஸ் என்னைப் பாக்கிறா. ஆனாக் கூப்பிடுறா இல்ல."

அடுத்தது: "கால் விறைக்குது சிஸ்டர். கண்டல் மரத்து வேர் சிக்கிக் கிடக்கு. நண்டும் கனக்க. அப்பா மற்றப் பக்கம் தேடித் திரியிறார். மிஸ்ஸிட்டச் சொல்லுங்க."

அலுமாரிக்குள்ள கிடக்கிற என்ட பதில் அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சது? அவள்ற அப்பா என்னத்தைத் தேடுறார்? நான் கேள்வி கேக்கிற சாதி எண்டு உனக்குத் தெரியும், இண்டைக்கு எனக்குக் கேக்கவே பயமாக் கிடக்கு. நீ என்னிட்டச் சொல்லாம வச்சிரிக்கிறதை எழுது.

அஜந்தா


மட்டக்களப்பு
08.04.2024

மச்சாள்,

சுகம் விசாரிக்க இண்டைக்குக் கை வருதில்ல.

விதுர்ஷா செத்துப் போனாள். ஆற்றுவாய் வெட்டின அண்டைக்கு, டிசம்பர்ல. தோணி மட்டும்தான் கிடைச்சது. ஆள் கிடைக்கல்ல.

நடந்தத நடந்த மாதிரியே எழுதுறன். அண்டைக்கு மழை எண்டு பயிற்சி இல்லையெண்டு வட்ஸப்பில போட்டன். அவளிட்டப் போன் இல்ல. அவள்ற ஊர் படுவான்கரை. றோட்டு மூடினதால அப்பாட சின்னத் தோணிய வலிச்சுக்கொண்டு தனிய வந்திட்டாள். நான் பந்துகளை உள்ள வச்சுப் பூட்டிக்கொண்டு நிண்டன். பொலித்தீனைத் தலையில போட்டுக்கொண்டு, சோத்துப் பெட்டியோட வந்து நிண்டு, "மத்தவளுகள் எங்க மிஸ்?" எண்டாள்.

எனக்கு எரிச்சல். "நீ வந்ததும் நல்லதுதான், இப்பவே சொல்றன். அடுத்த வருசம் அணியில பொயின்ற் காட் இல்ல. உனக்கு உசரம் காணாது, வேற இடத்திலயும் போடேலா" எண்டன்.

அவள் அழல்ல. "அப்ப நான் எங்க நிக்கிற மிஸ்?" எண்டு கேட்டாள்.

"வீட்ட நில்லு" எண்டன்.

போயிட்டாள். அப்ப நேரம் ரெண்டரை. நாலு மணிக்கு ஆற்றுவாய வெட்டினவங்க. ஆறு மணிபோல அவள்ற அப்பா, வினாயகமூர்த்தி அண்ணன், என்ட வீட்டு வாசலில வந்து நிண்டார். "மிஸ், புள்ள எத்தின மணிக்கு வெளிக்கிட்டவள்?" எண்டார். ரெண்டரை எண்டு சொன்னா, ஏன் எண்டு கேப்பார். "ஐஞ்சு மணிக்கு, வழமைபோல" எண்டு வாய் சொல்லிட்டு. பொலிஸுக்கும் அதைத்தான் சொன்னன், மழை விடும் வரைக்கும் அவளை நிப்பாட்டி வச்சிருந்ததெண்டு. ஐஞ்சு மணியெண்டா வெட்டின வாயால கடலுக்கு இழுத்திருக்கும் எண்டு எல்லாரும் முகத்துவாரப் பக்கமும் கடலிலயும்தான் தேடினாங்க. அண்ணன் இண்டைக்கும் அங்கதான் தேடுறார்.

அந்தக் கேள்வியை அவள் என்னிட்டக் கேட்டது எங்க ரெண்டு பேரையும் தவிர ஒருத்தருக்கும் தெரியா, மச்சாள். அது உன்ட கடிதத்தில வந்த அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு.

பொயின்ற் காட் வேணாமெண்டு நீ எழுதியிருந்தா, நான் அவளுக்குச் சொன்னது சரியெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன். அதுக்குத்தான் கேட்டன்.

சுலோ


தியான மடம்
13.04.2024

சுலோ,

உன்ட கடிதத்தைத் தலைமைத் தாயாரும் வாசிச்சா. என்னைக் கூப்பிட்டு, "இண்டைக்கே பதில் போடு" எண்டா.

இத என்னிட்டச் சொல்லி முடியாது. கோயில்ல பங்குச் சுவாமியிட்டச் சொல்லியும் முடியாது. அவள்ற தாய் தகப்பனிட்டப் போ. மன்னிப்புக் கேக்கிறத மறுகாப் பாப்பம், முதல்ல நேரத்தைச் சொல்லு. ரெண்டரை எண்டு சொல்லு. நானும் வாவிக்கரையில பிறந்தவள்தான், மச்சாள். ஆற்றுவாய் வெட்ட முதல் நிக்கிற தண்ணியும் வெட்டின பிறகு ஓடுற தண்ணியும் ஒண்டில்ல. முகத்துவாரத்தில எல்லாம் மணல்தானே, அவள் எழுதின கண்டல் அங்க ஏது?

இந்தக் கடிதம் கிடைச்ச கையோட வெளிக்கிடு. உடுப்பு மாத்தவும் நிக்காத.

உனக்காக முழங்காலில நிக்கன்.
அஜந்தா


மட்டக்களப்பு
12.05.2024

அன்பு மச்சாளுக்கு,

உன்ட இழுப்புச் சுகமா? அம்மா இப்ப என்னோட கதைக்கிறதில்ல. சாப்பாடு போட்டு வைப்பா.

நான் போனன். உன்ட கடிதம் வந்தது காலைத் தபாலில. வலையிறவுப் பாலத்தால ஓட்டோவில போனன். வினாயகமூர்த்தி அண்ணன் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருந்தார். அவள்ற அம்மா புஸ்பக்கா நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நிண்டா. "வாங்க மிஸ், இரிங்க" எண்டு கதிரையைத் துடைச்சுப் போட்டா. நான் இரிக்காமலே சொன்னன். எல்லாத்தையும் சொன்னன். வீட்ட நில்லு எண்டதையும்.

புஸ்பக்கா நெல்லைக் காலால கிளறிக்கொண்டே நிண்டா. அண்ணன் மட்டும் தலையை நிமித்தினார்.

"ரெண்டரையா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க மிஸ்."

"ரெண்டரை, அண்ணன். மணி பாத்தனான்."

"அப்ப தண்ணி நிண்ட தண்ணி" எண்டார். எனக்கில்ல, தனக்குத்தான் சொன்னார். "வாடைக் காத்து. காத்து இஞ்சாலதான் தள்ளியிரிக்கும். கவிண்ட பிறகு, வாய் வெட்டின இழுவையில தோணி மட்டும் முகத்துவாரத்துக்குப் போயிரிக்கு."

சட்டைய எடுத்துப் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கினார். என்னை ஏசவும் இல்ல, அடிக்கவும் இல்ல. ஒரு பேச்சுப் பேசியிருக்கலாம்.

காத்தான்குடித் தோணிக்காரர் உசனார் காக்காவும் இன்னும் ரெண்டு தோணியும் சேந்து கண்டல் காட்டை ஒவ்வொரு வேராத் தடவினாங்க. மூண்டாம் நாள் பகல், அவங்கட வீட்டில இருந்து கூப்பிடு தூரத்தில, வேருக்குள்ள இருந்தாள். உடுப்பை வச்சுத்தான் அடையாளம் கண்டது. எங்கட அணி உடுப்பு. மிச்சத்தை எழுதேலா.

மரண விசாரணை முடிஞ்சு அடக்கம் பண்ணினாச்சு. பொலிஸில நேரத்தை மாத்தி வாக்குமூலம் குடுத்திட்டன். பள்ளிக்கூடத்தில என்னை வேலையில இருந்து நிப்பாட்டி வச்சிரிக்காங்க, விசாரணை வருமாம். அணிக்கு வேற மிஸ். அடக்கத்துக்குப் பிறகு நடந்த ஆட்டத்தைப் பாக்கப் போயிருந்தன். றெபறி விசில் ஊதி எண்ணல்ல. புள்ளையள் நடுவுக்கு எறிஞ்ச பந்தெல்லாம் வெளிய உருண்டு போச்சு. பத்தொம்பது புள்ளியால தோல்வி. நஸ்ஹா மைதானத்திலயே இருந்து அழுதாள், தோத்ததுக்கு இல்ல.

சுலோ


தியான மடம்
26.05.2024

அன்புள்ள சுலோ,

மாமிட கோவம் ஆறும். நான் அவவுக்கு வேறயா எழுதியிரிக்கன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உயிர்ப்புக்குப் பிறகு அவளிட்ட இருந்து எனக்கு ஒண்டும் வரல்ல. வந்த மூண்டையும் இதோட வச்சிரிக்கன். அதுகள் புஸ்பத்துக்குரியவை. தபாலில அனுப்பாத, கையில கொண்டுபோய்க் குடு.

நானும் ஒரு பிழை செய்தன். அவள் எங்க இரிந்து எழுதுறாள் எண்டு விசாரிக்காம, நடுவில நில்லு எண்டு எழுதிவிட்டன். ரெண்டு மாசத்துக்கு மேல நிண்டிரிக்காள். அதையும் புஸ்பத்திட்டச் சொல்லு.

உனக்காகவும் அவளுக்காகவும் பூசை ஒப்புக்குடுத்திரிக்கு.
அஜந்தா


மட்டக்களப்பு
16.06.2024

அன்பு மச்சாள்,

நீ சுகமா இரிக்கோணும். அம்மா நேற்று, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" எண்டா. உன்ட கடிதம் வேலை செய்திரிக்கு.

மூண்டு கடிதத்தையும் குடுத்தன். நீ சொல்லச் சொன்னதையும் சொன்னன். புஸ்பக்கா படியில இருந்து வாசிச்சா. ஒவ்வொண்டையும் மணந்து பாத்தா. "அவள்ற எழுத்துத்தான்" எண்டு மடிச்சு, சீலைத் தலைப்பில முடிஞ்சா. பிறகு என்னைப் பாத்தா. நான் முதல் போன அண்டைக்குப் பிறகு அப்பதான் என்ட முகத்தைப் பாத்தவ.

"ரெண்டரைக்கு அவள் போனாள். நீங்க என்ன செய்தீங்க மிஸ்?"

"பூட்டிப்போட்டு வீட்ட போனன், அக்கா."

"போய்?"

"சாப்பிட்டுப் படுத்தன்."

"என்ன கறி?"

"கத்தரிக்காயும் பருப்பும்" எண்டன்.

தலையை ஆட்டினா. "அவளுக்கு நான் அண்டைக்கு முட்டை பொரிச்சுக் கட்டிக் குடுத்தனான். உங்களிட்ட வந்த நேரம் அவள் சாப்பிட்டிருந்தவளா?"

சோத்துப் பெட்டி அவள்ற கையில இருந்தது எனக்கு நினைவிரிக்கு, மச்சாள். நிறையப் பாரமா இருந்ததா, வெறும் பெட்டியா? எவ்வளவு யோசிச்சும் வருதில்ல. நான் பாக்கல்ல.

"தெரியா அக்கா" எண்டன்.

"யோசிச்சுப் பாருங்க" எண்டிட்டு நெல்லை அள்ளத் துவங்கினா. நானும் குனிஞ்சு அள்ளினன். வேணாமெண்டு சொல்லல்ல. முடிஞ்சு வெளிக்கிட்ட நேரம் வேலியடியில வந்து நிண்டா.

"நாளைக்கும் வாங்க மிஸ். நாளைக்கும் கேப்பன்."

இண்டையோட பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் போறன். அவ ஒவ்வொரு நாளும் கேக்கிறா.

உன்ட,
சுலோ